கிரகோரியன் இசையில் முதுகலைப் படிப்பு: குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கிரகோரியன் இசை எனப்படும், இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையின் ஒற்றைக்குரல் வழிபாட்டு இசையை இசையியல் துறையில் முதுகலை அளவில் படிக்க விரும்புகிறவர்கள் பலரும் பல்கலைக்கழகப் பெயர்களைத் தேடுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். பழைய ஏட்டைப் பார்த்து ஒரு பாடலையாவது கைப்படப் படியெடுத்த பிறகு தேடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

முதல் படியாக, நான்கு கோடுகளில் சுரங்களைச் சதுரங்களாக எழுதும் சதுரக் குறியீட்டை வாசிக்கப் பழகுங்கள். வரியின் தொடக்கத்திலுள்ள சாவிக்குறி 'தோ' அல்லது 'ஃபா' சுரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் காட்டும். இரு சதுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றால் அது போடாட்டுஸ். கீழ்ச் சுரத்தை முதலில் பாடி மேலே ஏற வேண்டும். மேலிருந்து இறங்கும் இரு சுரங்கள் கிளிவிஸ் எனப்படும். கர்நாடக இசை பயின்றவர்கள் இங்குள்ள, மோடுகள் எனப்படும் எட்டு இசைமுறைகளை இராகங்களாகவே எண்ணிவிடக் கூடாது. ரே, மி, ஃபா, சோல் ஆகியவற்றுள் பாடல் எதில் முடிகிறது, குரல் எந்த எல்லைக்குள் உலவுகிறது என்பவையே முதன்மையாக அவற்றை வகைப்படுத்துகின்றன.

அடுத்தது இலத்தீன். உச்சரிப்பு மட்டும் போதாது, இலக்கணமும் வேண்டும்.

மூன்றாம் படியே இந்த வேலையின் உயிர். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில், 359 என்ற எண் கொண்ட, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கான்டடோரியும் என்னும் தனிப்பாடகருக்கான பாடல் ஏடு இருக்கிறது. அதன் படங்களை இ-கோடிசெஸ் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் உயிர்ப்பு ஞாயிறு திருப்பலிக்குரிய 'ஹேக் டியெஸ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடுகளே கிடையாது. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியுமே தவிர, எவ்வளவு என்பது தெரியாது. ஆனால் 'சி' என்ற எழுத்து விரைவையும் 'டி' என்ற எழுத்து நீட்டிப் பாடுவதையும் குறிப்பதால், சதுரக் குறியீட்டு அச்சுப் பிரதி சொல்லாத தாள நுட்பத்தை இந்த ஏடு சொல்கிறது. இரண்டையும் அசை அசையாக ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைக் குறித்து, பத்துப் பக்கக் கட்டுரையாக எழுதுங்கள்.

ஆய்வுக் கேள்விக்கு நம் மாவட்டமே இடம் தருகிறது. கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் உருவானது; வழிபாட்டில் தாய்மொழிக்கு வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் இலத்தீன் பூசையில் பாடிய பெரியவர்கள் உங்கள் பங்கு ஆலயத்தில் இருந்தால், அவர்கள் நினைவிலுள்ள பாடல்களை அனுமதி பெற்று உடனே பதிவு செய்யுங்கள். மார்த்தாண்டம் பகுதியின் மலங்கரை கத்தோலிக்கர் பின்பற்றும் மேற்குச் சிரிய மரபிலும் எட்டு இசைமுறைகள் உள்ளன. இவ்விரண்டு எட்டுகளுக்கும் இடையிலான உறவு நல்லதொரு கேள்வி.

இதன்பிறகு விண்ணப்பம். ஆக்ஸ்ஃபோர்டில் இசையியல் முதுகலை உண்டு. ரோமிலுள்ள திருத்தந்தையின் திருஇசை நிறுவனத்தில் கிரகோரியன் இசைக்கெனத் தனிப் படிப்பே உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் ஜெர்மன் மொழியும், இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழும் தேவைப்படும். இளங்கலையில் இசை படிக்காதவர்கள் சேர்க்கை விதிகளை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் தன்விவரத்தைச் சுருக்கி, எந்த ஏட்டை எந்தப் பக்கத்தில் படித்தீர்கள், உங்களுக்கு விளங்காத குறியீடு எது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.