உடலில் புகையிலைப் புகையின் தடயம்: எந்தச் சோதனையை எப்போது செய்வது

ஒருவர் புகைபிடிக்கிறாரா, அல்லது பிறர் விடும் புகையைச் சுவாசிக்கிறாரா என்று சோதிக்க விரும்புவோர், எத்தனை நாளைய புகையைப் பற்றி அறிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான தேவைகளுக்குக் கோட்டினின் என்ற பொருளை அளந்தாலே போதும். புகையிலையிலிருந்து உடலுக்குள் செல்லும் நிக்கோட்டினில் 70 முதல் 80 சதவீதத்தைக் கல்லீரல் கோட்டினினாக மாற்றுகிறது. நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கோட்டினின் பாதியாக ஏறத்தாழ 16 மணி நேரம் ஆவதால், கடந்த இரண்டு மூன்று நாட்களின் நிலவரம் அதில் தெரியும். குழந்தைகளுக்கு உமிழ்நீர்ச் சோதனையே உகந்தது. கையுறை அணிந்துகொண்டு, பஞ்சுத் துண்டின் ஒரு நுனியைப் பிடித்தபடியே மறுநுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வைத்து, நன்கு ஊறிய பின் குழாயில் இட்டு மூட வேண்டும். சிறுநீரில் கோட்டினின் ரத்தத்தில் உள்ளதைப் போல் பல மடங்கு இருக்குமென்பதால் குறைந்த அளவும் அதில் அகப்படும். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்குமாதலால், சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினினையும் அளந்து விகிதமாகக் கணக்கிட வேண்டும்.

ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு சுமார் 15 நானோகிராம் கோட்டினின் என்பதே புகைபிடிப்பவரைப் பிரித்தறியும் எல்லையாக நெடுங்காலம் இருந்தது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பெரியவர்களுக்கு அதை 3 ஆகக் குறைக்கலாம் என்றது. இந்த எண்களைச் சிறுநீர் முடிவுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பட்டைகள் பலவற்றின் எல்லை மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் என்பதால், வீட்டில் அப்பா பிடிக்கும் புகை குழந்தைக்குள் போயிருந்தாலும் பட்டை 'இல்லை' என்றே காட்டக்கூடும். அதை நம்பி நிம்மதியடைவது தவறு.

கோட்டினின் புகைக்கு மட்டும் உரியதன்று. வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கும், நிக்கோட்டின் சூயிங்கம் மெல்பவருக்கும் அது உயரும். சூயிங்கம் மெல்பவரிடம் சிறுநீரில் அனபசைனைத் தேட வேண்டும். அது புகையிலையில் உண்டு, மருந்தாகத் தரும் நிக்கோட்டினில் இல்லை. புகையிலை மெல்பவரைப் பிரித்தறிய, எரியும் புகையிலிருந்து மூச்சில் சேரும் கார்பன் மோனாக்சைடு உதவும். மூச்சை இழுத்து 15 விநாடி அடக்கி, பின் கருவிக்குள் மெதுவாக முழுவதும் ஊதச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாள் புகைபிடிக்காவிட்டால் இந்தத் தடயம் மறைந்துவிடும்; விறகடுப்புப் புகையும் வாகனப் புகையும் அளவை உயர்த்தும். புகையிலுள்ள சயனைடிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட்டை அளக்கும் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: முட்டைக்கோசும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டவரையும் அது புகைபிடிப்பவராகக் காட்டிவிடலாம்.

வாரக்கணக்கில் பின்னோக்கிப் பார்க்க, சிறுநீரிலுள்ள என்.என்.ஏ.எல். தக்கது. புகையிலைக்கே உரிய புற்றுநோய்க் காரணியான என்.என்.கே.யிலிருந்து உண்டாகும் இது, பாதியாகக் குறைய 10 முதல் 18 நாட்கள் ஆகும். அளவிட, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைநிறமாலைமானி உள்ள ஆய்வகம் தேவை. மாதக்கணக்கென்றால் தலைமுடியே வழி. முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால், பின்னந்தலையில் தோலை ஒட்டி வெட்டிய 3 சென்டிமீட்டரில் மூன்று மாத நிக்கோட்டின் பதிந்திருக்கும். சாயமும் வெளுப்பானும் அதைக் குறைத்துவிடும்.

கர்ப்பிணிகளின் உடல் கோட்டினினை வேகமாக வெளியேற்றுகிறது; பாதியாவதற்கு ஏறத்தாழ 9 மணி நேரமே ஆகும். ஆகவே அவர்களது மாதிரியை அனுப்பும்போது கர்ப்ப மாதத்தையும், கடைசியாகப் புகைபட்ட நேரத்தையும் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும்.