நிறைமாதத்தில் மல்லாந்து படுத்ததும் மயக்கமும் மூச்சுத்திணறலும் வந்தால் செய்ய வேண்டியவை

கர்ப்பத்தின் பிற்பகுதியில் மல்லாந்து படுத்த சில நிமிடங்களுக்குள் தலை சுற்றி, கண் இருட்டி, உடல் சில்லென்று வியர்த்து, மூச்சு முட்டுவதுபோல் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடப்பக்கமாகத் திரும்பி ஒருக்களித்துப் படுங்கள். பதறி எழுந்து நிற்காதீர்கள். அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் குறைந்திருப்பதால் சட்டென்று எழுபவர் நிலைதடுமாறி விழக்கூடும். நிறைவயிற்றோடு விழுவது மயக்கத்தைவிடப் பெரிய கேடு. பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிப் படுத்த ஓரிரு நிமிடங்களிலேயே தலை தெளிந்து மூச்சு சீராகிவிடும். அப்படிச் சீராகிறதா இல்லையா என்பதை நன்றாகக் கவனியுங்கள். தொல்லைக்குக் காரணம் எது, மருத்துவரிடம் எவ்வளவு விரைவாகச் செல்ல வேண்டும் என்பவற்றை முடிவு செய்ய அந்தக் கவனிப்பு பெரிதும் உதவும்.

ஏன் இப்படி நேர்கிறது

உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை, முதுகெலும்பை ஒட்டிச் சற்று வலப்பக்கமாக மேலேறுகிறது. அதன் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. ஆகவே எளிதில் நசுங்கிவிடும். ஏறத்தாழ 20 வாரங்களைக் கடந்த பிறகு மல்லாந்து படுக்கும்போது, குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் பனிக்குட நீரையும் சுமந்திருக்கும் கர்ப்பப்பை இந்தச் சிரையின்மேல் அழுந்துகிறது. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும், பக்கத்தில் இருக்கும் பெருந்தமனியும் ஓரளவு அழுத்தத்துக்கு உள்ளாகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைவதால் அது வெளியேற்றும் இரத்தமும் குறைகிறது. நிறைமாதத்தில், ஒருக்களித்துப் படுத்திருக்கும் நிலையோடு ஒப்பிட்டால் இக்குறைவு 25 முதல் 30 விழுக்காடு வரை இருக்கலாம். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிப்பதால் படபடப்பும், மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. பொதுவாக இவை படுத்த 3 முதல் 10 நிமிடங்களுக்குள் தொடங்குகின்றன.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நேர்வதில்லை. முதுகெலும்பை ஒட்டிய சிறு சிரைகள் மாற்றுவழியாகச் செயல்பட்டு இரத்தத்தை மேலே கொண்டுசெல்வதால் பலர் எந்தத் தொல்லையையும் உணர்வதில்லை. அந்த மாற்றுவழி போதாதவர்களே அவதிப்படுகிறார்கள். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருப்பவர்களுக்கும் பனிக்குட நீர் மிகுந்தவர்களுக்கும் அழுத்தம் கூடுதலாக இருக்கும். ஆனால் தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் குழந்தைக்கும் குறையில்லை என்று கொள்ள முடியாது. தாயின் இரத்த அழுத்தம் சரியாகவே தெரியும்போதும் கர்ப்பப்பைக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும். எனவே மயக்கம் வராதவர்களும் கீழே சொல்லப்படும் படுக்கை முறையைக் கடைப்பிடிப்பதே நல்லது.

மூச்சு வாங்குவதற்கு வேறு இயல்பான காரணங்களும் உண்டு. வளரும் கர்ப்பப்பை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வரை மேலே தள்ளுகிறது. படுக்கும்போது அது இன்னும் ஏறுகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூளையைத் தூண்டி ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குவதால், போதுமான காற்று உள்ளே செல்லும்போதும் காற்றுப் போதவில்லை என்ற உணர்வு எழுகிறது. இது பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் கூடிவருவது. திடீரென்று ஒரே நாளில் மோசமாவது இதன் இயல்பன்று.

எப்படிப் படுப்பது

28 வாரங்களுக்குப் பிறகு, இரவானாலும் பகலானாலும், உறங்கத் தொடங்கும்போது ஒருக்களித்துப் படுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மல்லாந்த நிலையில் உறங்கத் தொடங்கும் பெண்களிடம் குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக இருப்பதாக நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அடிப்படையில் அந்த ஆபத்து மிகக் குறைவானதுதான். ஆயினும் செலவின்றி, மருந்தின்றி, திரும்பிப் படுப்பதாலேயே அதை மேலும் குறைக்க முடியும் என்றால் அதைச் செய்யாதிருக்கக் காரணமில்லை. இடப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்துவார்கள். மயக்கம் வந்தால் இடப்பக்கம் திரும்புவது சரியே. ஆனால் இரவு உறக்கத்துக்கு வலப்பக்கமும் பாதுகாப்பானதே. இடுப்பு வலிக்க வலிக்க ஒரே பக்கமாகக் கிடந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதுகுக்குப் பின்னால் கெட்டியான தலையணை ஒன்றை முழுநீளத்துக்கும் அணைவாக வையுங்கள். உறக்கத்தில் உடல் பின்னோக்கிச் சரிந்தாலும் முழுவதும் மல்லாந்துவிடாமல் அது தாங்கிக்கொள்ளும். முழங்கால்களை மடக்கி இடையில் இன்னொரு தலையணையையும், வயிற்றுக்கடியில் மடித்த மென்துணியையும் வைத்தால் இடுப்பிலும் அடிவயிற்றிலும் இழுப்புக் குறையும். மூச்சு வாங்குபவர்களும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் தலையை மட்டும் உயர்த்தாமல், தோள்களிலிருந்தே சரிவாக உயரும்படி தலையணைகளை அடுக்கிக்கொண்டு, அந்தச் சரிவிலும் ஒருபக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும்.

நள்ளிரவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடப்பதை அறிந்து பயந்துபோகும் தாய்மார்கள் பலர். அஞ்ச வேண்டாம், திரும்பி ஒருக்களித்து மறுபடி உறங்குங்கள், அவ்வளவுதான். இரவில் நெடுநேரம் நீடிப்பது பெரும்பாலும் உறங்கத் தொடங்கிய நிலையே என்பதால்தான் அதற்கு முதன்மை தரப்படுகிறது.

எழும்போது ஒருக்களித்தபடியே கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி மெதுவாக உட்காருங்கள். ஓரிரு நிமிடம் கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு, தலை சுற்றவில்லை என்று தெரிந்தபின் எழுந்து நில்லுங்கள்.

பரிசோதனை மேசையில்

வீட்டில் கவனமாக இருப்பவர்களும் மருத்துவமனையில் மல்லாந்து படுக்கச் சொன்னால் மறுபேச்சின்றிப் படுத்துவிடுகிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போதும், குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும்போதும், பல் மருத்துவரின் நாற்காலியிலும் இப்படி நேரலாம். “மல்லாந்து படுத்தால் எனக்கு மயக்கம் வரும்” என்று தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். வலப்பக்க இடுப்புக்கடியில் ஒரு தலையணையோ சுருட்டிய துணியோ வைத்து உடலை இடப்பக்கமாகச் சாய்த்தால் பெரும்பாலான பரிசோதனைகளைத் தடையின்றிச் செய்யலாம். இலேசான சாய்வு சிலருக்குப் போதாது. அப்போது இன்னும் நன்றாகச் சாய்க்கச் சொல்லுங்கள். பாதியில் மயக்கம் வந்தால் பரிசோதனை முடியட்டும் என்று பொறுத்திருக்காமல் உடனே சொல்லித் திரும்பிக்கொள்ளுங்கள். மல்லாந்து நெடுநேரம் செய்யும் உடற்பயிற்சிகளை 16 வாரங்களுக்குப் பிறகு தவிர்க்க வேண்டும்.

அருகில் இருப்பவர்களுக்கு

கர்ப்பிணி ஒருவர் மயங்கினால், வழக்கமாகச் செய்வதுபோல் மல்லாத்திக் கிடத்திக் கால்களை உயர்த்தாதீர்கள். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் நினைவு திரும்பாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சே இல்லையென்றால் மட்டும், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, மல்லாத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அப்போது இன்னொருவர் இரு கைகளாலும் வயிற்றை இடப்பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் படுத்தும் தீராவிட்டால்

பக்கம் திரும்பியும் மூச்சுத்திணறல் குறையவில்லை, அல்லது உட்கார்ந்தால் மட்டுமே மூச்சு விட முடிகிறது என்றால், அதைக் கர்ப்பப்பையின் அழுத்தம் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். உறக்கத்திலிருந்து மூச்சுக்குத் தவித்து எழுவது, இருமல், கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குவது ஆகியவை இதயம் பலவீனமடைவதன் அடையாளங்களாக இருக்கலாம். சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியிருப்பவர்களுக்கு அந்தக் குறை முதன்முதலாகக் கர்ப்பகாலத்தில்தான் வெளிப்படுவதுண்டு. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவை இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருப்பதைக் குறிக்கலாம். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, 140/90 அல்லது அதற்கு மேற்பட்ட இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் அது கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். இவற்றில் எதுவானாலும், விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 95 விழுக்காட்டுக்குக் கீழ் காட்டினாலும், குழந்தையின் வழக்கமான அசைவு குறைந்தாலும், இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நடக்கும்போதும் மூச்சு வாங்கி, எப்போதும் சோர்வாக இருந்தால் இரத்தசோகையைச் சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் சிகிச்சை தேவை.

குழந்தை பிறந்தவுடன் சிரையின்மேல் இருந்த அழுத்தம் நீங்கிவிடும். ஆகையால், அதற்குப் பிறகும் படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றால் வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும். பேறுகாலத்தை ஒட்டி இதயத்தசை பலவீனமாகும் நோய், கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிக் குழந்தை பிறந்த 5 மாதங்கள் வரை தோன்றக்கூடியது. அந்த மாதங்களில் வரும் மூச்சுத்திணறலைப் பச்சிளங்குழந்தையோடு கண்விழித்த களைப்பு என்று தள்ளிவைக்காமல், அண்மையில் பிள்ளை பெற்றவர் என்பதை முதலிலேயே சொல்லி, இதயத்தைப் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.