விட்டத்தைக் குடையும் கருவண்டு: கொல்லாமல் அனுப்பும் வழி

ஏற்காட்டுப் பக்கம் ஓட்டு வீட்டு விட்டத்துக்குக் கீழே மஞ்சள் மரத்தூள் கொட்டிக் கிடந்தால், மேலே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளை இருக்கும். கருவண்டு என்றாலும் அது தேனீ இனம்தான். முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நிற்பது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்தால்தான் கொட்டும். கத்தரி, அகத்தி, அவரைப் பூக்களுக்கு இதன் வரவு லாபமே.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், மரம் தீப்பிடிக்கும். வண்டு குடியிருக்கும் துளையைச் சிமெண்டால் அடைத்தால் பக்கத்திலேயே புதுவழி குடையும், சேதம் இரட்டிப்பு.

வெயில் நாளில் டிஷ்யூ தாளைத் துளையின் வாயில் லேசாகச் செருகுங்கள். மறுநாள் விழுந்திருந்தால் குடியிருக்கிறது. உள்ளே புழு வளரலாம், அதனால் தாள் இரண்டு மாதம் அசையாமல் இருந்த பிறகே துளையில் மரமுளை அடித்து, பசை பூசி, தேய்த்துப் பெயிண்ட் அடியுங்கள். பெயிண்ட் அடித்த மரத்தை இது அவ்வளவாக நாடாது. வெறும் வார்னிஷ் போதாது.

மாற்றிடமாக, ஒருபுறம் கணு மூடிய ஓரடிக் காய்ந்த மூங்கிலை, மழை படாத இறவாணத்தில் படுக்கைவாட்டில் கட்டலாம். வந்தால் வரும்.