லேசிக்குக்கு முன் கார்னியா வரைபடத்தைப் படிக்கும் முறை

லேசிக் என்பது கார்னியாவை, அதாவது கண்ணின் முன்புற ஒளிபுகும் படலத்தை, லேசரால் செதுக்கிக் கண்ணாடிப் பவரைக் குறைக்கும் சிகிச்சை. அதற்கு முன் எடுக்கும் வரைபடத்தில், முதலில் படம் நம்பத்தக்கதா என்று பாருங்கள். பெங்களூரில் எங்களிடம் வரும் தமிழ் இளைஞர்கள் பலர், “சனிக்கிழமைதான் சார் லீவு” என்று சொல்லி, காலையில்தான் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு வந்து அமர்கிறார்கள். மென்லென்ஸை ஒரு வாரமாவது, கடினலென்ஸை மூன்று வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் லென்ஸ் அழுத்திய வடிவமே நோயைப்போலத் தோன்றும். நிற அளவுகோல் ஒவ்வொரு படத்திற்கும் மாறாமல் நிலையாக இருக்கட்டும்.

வளைவு வரைபடத்தில் கீழ்ப்பாதி மேற்பாதியைவிட 1.4 டயாப்டருக்கு (ஒளியை வளைக்கும் ஆற்றலின் அலகு) மேல் செங்குத்தாக இருந்தால் கெரட்டோகோனஸை, அதாவது கார்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோயை, ஐயுறுங்கள். கார்னியாவின் முன்புறம் சீராக இருப்பதைக் கண்டு நிம்மதியடைவதே, என் கருத்தில், மிகப் பெரிய தவறு; பின்புற மேடும், மிக மெல்லிய புள்ளி கீழ்வெளிப்புறமாக விலகியிருப்பதும் பல நேரங்களில் முன்னதாகவே நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. அவ்விரண்டும் ஒரே இடத்தில் பொருந்தினால் ஐயம் வலுக்கும். இரு கண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு, செதுக்கியபின் கார்னியாவில் எவ்வளவு எஞ்சும் என்ற கணக்கு. தடிமன் 520 மைக்ரான், பவர் மைனஸ் 6 என்று கொள்வோம். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் டயாப்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் வீதம் செதுக்குவது 72, அதற்கு முன் வெட்டித் தூக்கும் மேலடுக்கான மடல் 110, எஞ்சுவது 338. இது 250-க்குக் கீழே போகவே கூடாது; 300-க்குக் குறையாமல் இருப்பதையே நான் விரும்புவேன்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள்; அதுவும் ஐயத்தைக் கூட்டும். ஐயம் தீராவிட்டால், சிகிச்சைக்கு நாள் குறிக்காமல், சில மாதங்கள் கழித்து மறுபடி படமெடுங்கள்.