வீடிழந்த குடும்பத்தின் கதையை வகுப்பில் நடத்தும்போது

இந்த வருடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பாடம் நடத்த வந்த இளம் ஆசிரியர்கள் இருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தைப் பற்றிய சிறுவர் நாவல். நான் முன்பு ஆசிரியராக வகுப்பு நடத்தியபோது செய்த தவறுகளை அவர்களும் அப்படியே செய்தார்கள்.

"உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்"

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், "சரி, அவரவர் வீட்டை வரைந்து முன்னால் வந்து சொல்லுங்கள்" என்றேன். ஒரு பையன் கேட், கார் எல்லாம் போட்டு மாடி வீடு வரைந்தான். பக்கத்தில் இருந்த பிள்ளை எழுந்து, "டீச்சர், இவன் லயத்து வீட்டுல இருக்கான். அதையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அந்தப் பிள்ளை பொல்லாதது இல்லை, உண்மையைத்தான் சொன்னது. பையன் தாளை நான்காக மடித்து மேசைக்குள் வைத்தான். நாவல் முடியும்வரை அவன் வாய் திறக்கவே இல்லை.

அவனைப் பொய் சொல்ல வைத்தது என் கேள்வி. சொந்த அனுபவத்தோடு இணைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் ஆசிரியர்கள் இப்படிக் கேட்கிறார்கள். ஆனாலும் அது காதில் விழுந்தாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கதாபாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள்: அவள் பையில் முதலில் எதை எடுத்து வைப்பாள்? "பிறப்புப் பத்திரத்தை, டீச்சர்" என்று ஒரு பிள்ளை பட்டென்று சொன்னது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்பளிப்புப் பெட்டி

நாவலை முடித்த கையோடு ஏழைக் குடும்பங்களுக்கென்று வகுப்பில் அரிசி, பால்மாவு சேகரிக்காதீர்கள். அதை வாங்கப்போகிற பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

"கடைசியில் எல்லாம் சரியாகிவிடும்"

நாவலின் முடிவைப் பற்றிப் பிள்ளைகளிடம் இப்படி முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

அப்பாமேல் பழி போடுவது

"அவங்க அப்பா குடிச்சிருப்பாரு" என்று யாராவது சொல்வார்கள். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நாவலில் வரும் குடும்பத்துக்கு வாடகைதான் சிக்கல். நம் தோட்டங்களில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கூரையும் போகும். பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற காலத்தில் நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். அதனால்தான் இதே ஊரில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சித் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் போட்ட பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. இதை நான் வகுப்பில் சொன்ன மறுநாள், ஒரு பிள்ளை அந்தச் சங்கத்தில் தன் பாட்டி வைத்திருந்த பழைய பங்குப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியது.