உயரமும் மழையும்: நேர்கோட்டுத் தொடர்பைச் சோதிக்கும் முறை

இரண்டு அளவுகளுக்கு இடையே நேர்கோட்டுத் தொடர்பு உண்டா என்று சோதிக்கச் சிதறல் படமும் ஒட்டுறவுக் கெழுவும் பயன்படுகின்றன. ஒவ்வொரு இணை அளவையும் ஒரு புள்ளியாகக் குறித்த வரைபடமே சிதறல் படம். அந்தப் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதைச் சொல்லும் ஒற்றை எண்ணே ஒட்டுறவுக் கெழு, சுருக்கமாகக் கெழு. மோரீஷியஸ் உயர்நிலைப் பள்ளிகளில் புள்ளியியல் செய்முறை செய்யும் நம் பிள்ளைகளில் பலர், எண்களைக் கணினியில் இட்டதும் கெழுவை மட்டும் குறித்துக்கொண்டு படம் வரையாமலே முடிவு எழுதிவிடுகிறார்கள். படம் முதலில், கெழு பிறகு என்ற வரிசையை எக்காரணத்தாலும் மாற்றக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நம் தீவில் இடத்தின் உயரத்துக்கும் ஆண்டு மழைக்கும் உள்ள உறவையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மழைமானி நிலையமும் ஒரு புள்ளி ஆகும். எதைக் கொண்டு எதை விளக்க நினைக்கிறோமோ, அந்த விளக்கும் அளவு கிடை அச்சில் வரவேண்டும் என்பதால், உயரத்தைக் கிடை அச்சிலும் மழையை நிலை அச்சிலும் குறியுங்கள். புள்ளிகள் தாளின் ஒரு மூலையில் ஒடுங்கிவிடாதபடி அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனி, புள்ளிகளைப் பொறுமையாகப் பாருங்கள். கடலோரத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப் நகரம் வரை மழை பொதுவாகக் கூடிக்கொண்டே போகும். ஆனால் தென்கிழக்கிலிருந்து வரும் காற்று கிழக்குச் சரிவில் ஏறும்போதே ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மேற்குக் கரை மலைகளின் மறைவில் வறண்டு கிடக்கிறது. ஆகவே ஒரே உயரத்தில் உள்ள ஒரு கிழக்கு நிலையமும் ஒரு மேற்கு நிலையமும் படத்தில் வெகு தூரம் விலகி நிற்கும். கிழக்கு நிலையங்களை வட்டத்தாலும் மேற்கு நிலையங்களைப் பெருக்கல் குறியாலும் காட்டினால், ஒரே மேகமாகத் தெரிந்தது இரண்டு பட்டைகளாகப் பிரியும். அப்படிப் பிரிந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒற்றைக் கெழு எந்தப் பக்கத்தையும் சரியாகச் சொல்லாது. இரு பக்கங்களுக்கும் தனித்தனியே கெழு காணவேண்டும்.

கெழுவை ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுப் பாருங்கள். பழகுவதற்காக நானே அமைத்த எண்கள் இவை. அளந்து எடுத்தவை அல்ல. உயரம், நூறு மீட்டர் கணக்கில், 1, 2, 3, 4, 5. வெப்பநிலை முறையே 26, 25, 25, 23, 21 டிகிரி. சராசரிகள் 3, 24. உயரத்தின் விலகல்கள் −2, −1, 0, 1, 2. வெப்பநிலையின் விலகல்கள் 2, 1, 1, −1, −3. இணை இணையாகப் பெருக்கிக் கூட்டினால் −12 வரும். விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் உயரத்துக்கு 10, வெப்பநிலைக்கு 16. இவ்விரண்டின் பெருக்கற்பலனான 160-இன் வர்க்கமூலம் சுமார் 12.65. −12-ஐ அதனால் வகுத்தால் கெழு −0.95. கெழு எப்போதும் −1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும். குறி திசையையும், அளவு புள்ளிகள் கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதையும் காட்டும். கோட்டின் சரிவு எவ்வளவு என்பதை அது சொல்லாது.

இந்த எண் தற்செயலாக வந்திருக்கலாமா என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடை புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வழக்கமான 5 விழுக்காட்டு மட்டத்தில், அதாவது தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அளவில், குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், 5 புள்ளிகளுக்குக் கெழு 0.878-ஐயும், 10 புள்ளிகளுக்கு 0.632-ஐயும், 30 புள்ளிகளுக்கு 0.361-ஐயும் தாண்ட வேண்டும். நம் 0.95 தாண்டிவிட்டது. அதே சமயம் 5 நிலையங்களில் கிடைத்த 0.8 சோதனையில் தேறாது என்பதையும் கவனியுங்கள்.

கெழு நேர்கோட்டை மட்டுமே அறியும். −3 முதல் 3 வரையுள்ள முழு எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் இணைத்துக் கணக்கிட்டால், உறவு முழுமையானதாக இருந்தும் கெழு 0 என்றே வரும். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் கெழு ஏறக்குறைய 0.816 தான், ஆனால் வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைகோடு, மற்ற இரண்டும் ஒரே ஒரு விலகிய புள்ளியால் உருமாறியவை.

விலகிய புள்ளிக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1960-இன் தொடக்கத்தில் அலிக்ஸ், கரோல் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கியதில், அவ்வாண்டின் சர்க்கரை உற்பத்தி முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கியது. மழையையும் சர்க்கரையையும் ஆண்டுவாரியாக வரைபவர், அந்த ஆண்டின் புள்ளி மற்றவற்றிலிருந்து கீழே தள்ளி நிற்பதைக் காண்பார். கரும்பை அழித்தது காற்று என்பதால் அதை மழைக்கணக்கில் சேர்ப்பது சரியல்ல என்று வாதிடலாம். ஆனாலும் சத்தமில்லாமல் நீக்கிவிடக் கூடாது. அந்தப் புள்ளியோடு ஒருமுறையும், அது இல்லாமல் ஒருமுறையும் கணக்கிட்டு, காரணத்துடன் இரண்டு கெழுக்களையும் எழுதுங்கள்.

அறிக்கையில் படம், கெழு, புள்ளிகளின் எண்ணிக்கை, அளவுகள் பரவியிருந்த எல்லை ஆகிய நான்கும் இருக்கவேண்டும். உங்கள் நிலையங்கள் 550 மீட்டரோடு முடிந்தால், 828 மீட்டர் உயரமுள்ள நம் தீவின் உச்சிச் சிகரத்தில் எவ்வளவு மழை பெய்யும் என்று அந்தக் கோட்டை நீட்டிக் கணிக்க வேண்டாம்.