சீன மொழி பேசுபவருக்கு 'ஓபன்' கற்றுக்கொடுப்பது எப்படி?

சீன மாணவர் ஒருவர் 'ப்ளீஸ் ஓபன் த லைட்' என்று சொன்னால், அவருக்கு ஆங்கிலச் சொற்கள் போதவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய மொழியில் அது நூற்றுக்கு நூறு சரியான வாக்கியம். சீனாவின் பொது மொழியான மாண்டரினில் 'காய்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. கதவைத் திறப்பதும் காய்தான், விளக்கைப் போடுவதும் காய்தான். கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பது, கடையில் பில் போட்டுத் தருவது, கம்பெனி தொடங்குவது, பூ மலர்வது, தண்ணீர் கொதிப்பது என எல்லாவற்றுக்கும் அதே சொல். தென்சீன மொழிகளான கான்டனீஸில் அதை 'ஹோய்' என்பார்கள், ஹொக்கியனில் 'குய்' என்பார்கள்.

இது தமிழ் ஆசிரியருக்குச் சட்டென்று புரியும். சட்டை போடு, டீ போடு, கோலம் போடு, சண்டை போடு, லைட்டைப் போடு: இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் தேடினால் நமக்கு என்ன ஆகுமோ, அதுதான் அவர்களுக்குக் 'காய்' விஷயத்தில் ஆகிறது. அதனால் 'ஓபன் என்றால் காய்' என்று பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்காதீர்கள். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியில்தான் முளைக்கின்றன.

லேப்டாப்பிலிருந்து தொடங்குங்கள்

மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: கதவு, மூடி, உறை, வாய் என்று ஏதாவது விலகி உள்ளே வழி கிடைக்கிறதா? கிடைத்தால் ஓபன். வழி எதுவும் கிடைக்காமல் கருவி இயங்க மட்டும் தொடங்கினால் 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்'.

மேசையில் மூடிய லேப்டாப் ஒன்றை வையுங்கள். மூடியைத் தூக்கிக்கொண்டே 'ஓபன் த லேப்டாப்' என்று சொல்லுங்கள். பவர் பட்டனை அழுத்தும்போது 'டர்ன் ஆன் த லேப்டாப்'. திரையில் கோப்பைத் தட்டும்போது 'ஓபன் த ஃபைல்'. இப்போது மாணவரை அந்த மூன்று செயல்களையும் சீனத்தில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றிலும் காய் வந்து நிற்கும். ஆங்கிலம் எங்கே பிரிகிறது என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார், நீங்கள் இலக்கணம் பேச வேண்டியதில்லை. அடுத்து ஃப்ரிட்ஜ்: 'ஓபன்' செய்தால் குளிர் வெளியே வருகிறது, 'டர்ன் ஆன்' செய்தால் உள்ளே குளிரத் தொடங்குகிறது. தண்ணீர்க் குழாய்க்கு 'டர்ன் ஆன்' வழக்கம். 'ஓபன் த டாப்' என்றும் சிலர் சொல்வார்கள், அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

எதிர்ச்சொல்லையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். மூடுவதற்கும் அணைப்பதற்கும் மாண்டரினில் 'குவான்' ஒன்றுதான் என்பதால், 'க்ளோஸ் த லைட்' கட்டாயம் வரும்.

'டர்ன் ஆன்' பழகிய கையோடு ஒரு புதுப் பிழை முளைக்கும்: 'டர்ன் ஆன் இட்'. பெயர்ச்சொல் என்றால் 'டர்ன் ஆன் த லைட்', 'டர்ன் த லைட் ஆன்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் என்றால் நடுவில் மட்டுமே வரும்: 'டர்ன் இட் ஆன்'. இதை விதியாகச் சொல்வதைவிட, அறையிலுள்ள ஃபேன், ஏசி, புரொஜெக்டரைக் காட்டிக்காட்டி இருபது முறை வாயால் சொல்ல வைப்பதே பலன் தரும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'ஓபன் த லைட்' அன்றாடப் பேச்சில் காதில் விழும். அங்குள்ள மாணவரிடம் அதை அபத்தம் என்று சொல்லாதீர்கள். வீட்டில் பேசட்டும். தேர்விலும் வெளிநாட்டுக்கு எழுதும் மின்னஞ்சலிலும் 'டர்ன் ஆன்' என்று பிரித்துக் காட்டினால் போதும்.

திறந்திருக்கிறது, திறந்தது, திறக்கிறது

உண்மையான சிக்கல் இங்கேதான். நன்றாகப் பேசுபவர்கள்கூட பல ஆண்டுகள் இதில் தடுமாறுவார்கள்.

கதவு திறந்த நிலையில் இருப்பதைச் சீனத்தில் 'மென் காய்ஜ' என்பார்கள். அந்த 'ஜ' ஒட்டு, நிலை தொடர்வதைக் காட்டுவது. பலர் அதை ஆங்கில 'இங்' விகுதிக்குச் சமமாக மனதில் பதித்திருப்பார்கள். அதனால் 'த டோர் இஸ் ஓபனிங்' என்கிறார்கள். அதன் பொருளோ வேறு: கதவு இந்தக் கணத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. லிஃப்டில் 'டோர்ஸ் ஓபனிங்' என்று வரும் குரலை நினைவூட்டுங்கள், வேறுபாடு உடனே பிடிபடும். அதே வழியில்தான் 'த லைட் இஸ் ஓபனிங்' என்பதும் வருகிறது. அங்கே வேண்டியது 'த லைட் இஸ் ஆன்'.

அடுத்த பொறி 'த ஷாப் இஸ் ஓபன்ட்'. இதற்குச் சீனத்தைக் குறை சொல்ல முடியாது, ஆங்கிலமே சீராக இல்லை. மூடிய நிலைக்கு 'க்ளோஸ்ட்' என்று இறந்தகால வடிவம் வருகிறது. திறந்த நிலைக்கு மட்டும் விகுதி இல்லாத 'ஓபன்'. ஜோடி சேர்த்துப் படிக்கும் மாணவர் 'ஓபன்ட், க்ளோஸ்ட்' என்று எழுதுவது இயல்பு. 'ஓபன், க்ளோஸ்ட்' என்ற இந்தச் சமமில்லாத ஜோடியைக் கடைப் பலகைபோல அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். 'ஓபன்ட்' வருவது யாரோ செய்த செயலைச் சொல்லும்போது: காவலாளி தினமும் ஆறு மணிக்குத் திறக்கிறார் என்றால் 'த கேட் இஸ் ஓபன்ட் அட் சிக்ஸ்' சரியே.

'க்ளோஸ்ட்' என்பதில் கடைசி 'ட்' விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும். 'த ஷாப் இஸ் க்ளோஸ்' என்று எழுதினால் கடை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். மூடிய கடைக்கு ஆளை அனுப்பிவைத்ததாகிவிடும்.

கடை நேரத்துக்கு மூன்று வாக்கியங்கள் போதும். 'இட் ஓபன்ஸ் அட் நைன்' ஒன்பது மணிக்குத் திறக்கும். 'இட் இஸ் ஓபன் அன்டில் நைன்' ஒன்பது வரை திறந்திருக்கும். 'இஸ் இட் ஓபன் நவ்?' இப்போது திறந்திருக்கிறதா. 'ஓபன்ஸ் அன்டில் நைன்' பிழை. திறப்பது ஒரு கணத்தில் முடிகிற செயல், அதை ஒன்பது வரை நீட்ட முடியாது. கடை திறப்பதைச் சீனத்தில் 'காய் மென்', அதாவது 'கதவு திற' என்பதால், 'வென் டஸ் த பேங்க் ஓபன் த டோர்?' என்றும் கேட்பார்கள். கடைசி இரண்டு சொல்லை வெட்டினால் வாக்கியம் சரி.

உச்சரிப்பு

மாண்டரினில் அசையின் கடைசியில் வரக்கூடிய மெய்கள் ன், ங் இரண்டுதான், பெய்ஜிங் பேச்சில் கூடவே ஒரு ர். அதனால் 'ஓபன்' எளிதாக வரும், 'ஓபன்ட்' வராது. 'ட்' விழும், அல்லது பின்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். தனிச் சொல்லாகப் பயிற்சி கொடுத்தால் இது சரியாகாது. அடுத்து உயிரில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள்: 'ஓபன்ட் இட்' என்பதை 'ஓபன்-டிட்' என்றும், 'க்ளோஸ்ட் அட்' என்பதை 'க்ளோஸ்-டட்' என்றும் சொல்ல வையுங்கள். 'ட்' அடுத்த அசையின் தொடக்கமாகிவிடுவதால் நாக்கு ஒத்துழைக்கும். எழுதும்போது 'ஓபனிங்'கில் ஒரே ஓர் 'என்'. அழுத்தம் முதல் அசையில் இருப்பதால் இரட்டிக்காது. 'பிகினிங்'கில் அழுத்தம் இரண்டாம் அசையில், அதனால் இரட்டிக்கும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

காய் வரும் எல்லா இடத்திலும் 'ஓபன்' பொருந்தாது. கார் என்றால் 'ட்ரைவ்', கூட்டம் என்றால் 'ஹோல்ட்' அல்லது 'ஹேவ்', மருந்து என்றால் 'ப்ரிஸ்க்ரைப்', இன்வாய்ஸ் என்றால் 'இஷ்யூ', கம்பெனி என்றால் 'ஸ்டார்ட்' அல்லது 'செட் அப்'. அதே சமயம் கடை, உணவகம், வங்கிக் கணக்கு மூன்றுக்கும் 'ஓபன்' சரியே. 'ஓபன் த மீட்டிங்' என்பதும் உண்டு, ஆனால் தலைமை வகிப்பவர் கூட்டத்தை முறைப்படி தொடங்கிவைப்பதற்கு மட்டும்.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவை. திறந்த தன்மையைச் சீனத்தில் 'காய்ஃபாங்' என்பார்கள். 1978-ல் சீனாவில் தொடங்கிய சீர்திருத்தம், திறப்புக் கொள்கையின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணை 'காய்ஃபாங்' என்றால், ஒழுக்க விஷயத்தில் தாராளமானவர் என்ற வாடை அடிக்கலாம். ஆங்கிலத்தில் 'ஷி இஸ் வெரி ஓபன்' என்பது மனதில் உள்ளதை மறைக்காமல் பேசுபவர் என்ற பாராட்டு. பாராட்டைக் கேட்டு மாணவி முகம் சுளிக்காமல் இருக்க, இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. 'ஓபன் டு'வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும்: 'ஓபன் டு சஜஷன்ஸ்', 'ஓபன் டு ட்ரையிங் இட்'. 'ஓபன் லெட்டர்', 'ஓபன் சீக்ரெட்' இரண்டுக்கும் சீனத்தில் நேர் இணை இருக்கிறது, நேரம் செலவழிக்க வேண்டாம்.

மின்சாரத்தில் மட்டும் தலைகீழ்

பொறியியல் மாணவர்களுக்கும், மின்நிலையங்களில் சீனக் குழுக்களோடு வேலை செய்பவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சீனத்தில் ஸ்விட்சின் பெயரே 'காய்குவான்'. அதைக் 'காய்' செய்தால் விளக்கு எரியும். ஆங்கில மின்னியலில் 'ஓபன்' என்றால் தொடுமுனைகள் விலகிவிட்டன, மின்சாரம் போகாது. 'க்ளோஸ்' என்றால் முனைகள் சேர்ந்தன, மின்சாரம் பாயும். வால்வுக்கோ 'ஓபன்' என்றால் பாயும், 'க்ளோஸ்' என்றால் நிற்கும். ஒரே தளத்தில் இரண்டும் புழங்கும். ஆகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சான பிரேக்கரைப் பற்றி 'ஓபன் த பிரேக்கர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், 'த பிரேக்கர் இஸ் ஓபன், தேர் இஸ் நோ பவர்' என்று விளைவையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். கேட்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகும், டெஸ்டரில் சோதித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.